எலி என்ன தின்றது?

‘கொழுப்பு கூடிய உணவு தின்ற எலிகளுக்கு நீரிழிவு’ என்று பத்திரிகையில் ஒரு செய்தி வந்தால், கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அதை வாசிப்பவருக்கு நெய்ச்சோறும் மாட்டிறைச்சி ஆணமும் வட்டிலப்பமும்தான் உடனே நினைவுக்கு வரும். அந்த எலிகள் தின்றதோ வேறு. உடற்பருமன் ஆய்வுகளில் உலகெங்கும் பரவலாகப் பயன்படும் தீன் ஒன்றில் மொத்தக் கலோரியில் 60 வீதம் கொழுப்பிலிருந்து வருகிறது. அந்தக் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு பன்றிக்கொழுப்பு, மிச்சம் சோயா எண்ணெய். புரதத்துக்குப் பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசீன். சோறு, மீன், தேங்காய்ப்பால் எதுவும் அதில் இல்லை. இதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் நோய் கண்ட எலி என்ன தின்றது, அதனோடு ஒப்பிட்ட எலி என்ன தின்றது என்ற இரண்டும் தெரியாமல் எந்த முடிவையும் எடைபோட முடியாது. விலங்கு ஆய்வுகளில் மருந்தின் அளவை மில்லிகிராம் கணக்கில் எழுதுகிறவர்கள், தீனைப் பற்றி ‘வழமையான உணவு வழங்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பெரிய குறை.

இதை விளங்கிக்கொள்ள நீலகிரியிலுள்ள குன்னூருக்குப் போகவேண்டும். 1920களில் அங்கே ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை வெள்ளெலிகளுக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் உணவு என்று அவர் கொடுத்தது முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, இடைக்கிடை இறைச்சி. அதைத் தின்ற எலிகளின் சராசரி நிறை 235 கிராமுக்கு ஏறியது. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை மாகாண உணவைத் தின்றவை 155 கிராமோடு நின்றன. சாப்பாட்டால் மட்டுமே உடல் இவ்வளவு மாறும் என்று காட்டிய அருமையான பரிசோதனை அது. ஆயினும் கோதுமை அரிசியை வென்றது என்று அதைச் சுருக்கினால் பிழை. இரண்டு கூட்டத்துக்கும் இடையே தானியம் மட்டுமா வேறுபட்டது? பால், வெண்ணெய், காய்கறி, இறைச்சி எல்லாமே வேறுபட்டன. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் போய்விடுகிறது என்பது உண்மை. ஆனால் 80 கிராம் வித்தியாசத்தில் அதன் பங்கு எவ்வளவு, பாலின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எலிகளால் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் நிர்ணயிக்கப்பட்ட தீன்கள் பிறந்தன. கடைத் தீன் கோதுமை, சோளம், சோயா, மீன்தூள் போன்றவற்றை அரைத்து அழுத்திய கபில நிறக் கட்டி. அறுவடைக்கு அறுவடை அதன் சேர்மானம் மாறும். சோயாவிலுள்ள, ஈஸ்ட்ரோஜனைப் போல் இயங்கும் பொருள்கள் ஒரு மூட்டையில் கூடியும் இன்னொன்றில் குறைந்தும் இருக்கும். ஹோர்மோன் ஆய்வு செய்பவருக்கு இது பெரும் சங்கடம். அமெரிக்கப் போசாக்கு நிறுவகம் வகுத்த ஏ.ஐ.என்.-76 என்ற தீனில் கேசீன், மாப்பொருள், சீனி, எண்ணெய், நார், கனியுப்பு, விற்றமின் எல்லாம் தனித்தனியே நிறுத்துச் சேர்க்கப்பட்டன. அதிலும் கோளாறு வந்தது. விற்றமின் கே போதாமல் எலிகளுக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டது. பெண் எலிகளின் சிறுநீரகத்தில் கல்சியம் படிந்தது. சீனியோ பாதிக்குப் பாதி. 1993இல் ஏ.ஐ.என்.-93 வந்தபோது பொசுபரசைக் குறைத்தார்கள், சீனியின் பெரும்பகுதிக்குச் சோளமாவை இட்டார்கள், சோள எண்ணெய்க்குப் பதில் சோயா எண்ணெய் சேர்த்தார்கள். வளரும் எலிக்கு ஒன்று, வளர்ந்த எலிக்கு ஒன்று என இரண்டு வகையும் வகுத்தார்கள். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்ததே ஒவ்வொரு பொருளின் அளவும் எழுதப்பட்டிருந்ததால்தான்.

இது செயற்கைச் சாப்பாடு, மனிதர் யாரும் கேசீனும் சோளமாவும் மட்டும் தின்பதில்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இதில் வழமையாகச் சேர்க்கும் நார் செலுலோஸ். குடல் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்வது மிகக் குறைவு. ஆகவே கொழுப்புத் தீன் தின்ற எலியைத் தானிய நார் உள்ள கடைத் தீன் தின்ற எலியோடு ஒப்பிட்டால், கண்ட மாற்றம் கொழுப்பாலா, நொதிக்கக்கூடிய நார் இல்லாததாலா என்று பிரிக்க முடியாது. இந்தத் தவறு பெரிய ஆய்விதழ்களிலும் நிறையவே நடந்திருக்கிறது. கொழுப்பின் அளவைத் தவிர மற்றதெல்லாம் ஒத்த தீனோடுதான் ஒப்பிட வேண்டும். நமது சாப்பாட்டைச் சோதிக்க விரும்பினாலும் வழி இதுவே: பன்றிக்கொழுப்புக்குப் பதில் தேங்காயெண்ணெய், மாப்பொருளுக்குத் தீட்டிய அரிசிமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

இறக்குமதித் தீனுக்கு டொலர் எங்கே என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் இறக்குமதி செய்யத்தான் வேண்டும் என்றில்லை. உள்ளூர்ப் பொருளில் செய்த தீனே போதும். சேர்மானத்தை எழுதி, ஒரே தொகுதியை இரு கூட்டத்துக்கும் கொடுத்தால் சரி. கோவை இலை, பாகற்காய் போன்றவற்றை நீரிழிவுக்காக எலிகளில் சோதிக்கும் ஆய்வுகள் இலங்கையில் நடக்கின்றன. கசப்பான இலைத்தூளைத் தீனில் கலந்தால் எலி குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றாலே நிறையும் இரத்தச் சீனியும் இறங்கலாம். அன்றாடம் எத்தனை கிராம் தின்றது என்று நிறுக்காவிட்டால் பசியின் வேலை மருந்தின் பெயரில் போய்ச் சேரும். அந்த நம்பிக்கையில் மாத்திரையை நிறுத்தும் நோயாளி நம் ஊரில் இருப்பார்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலங்கு ஆய்வு எதை வாசித்தாலும், எதைச் செய்தாலும், முதலில் தீனின் அட்டவணையைத் தேடுங்கள். அது இல்லாத கட்டுரையின் முடிவை மக்களுக்கு ஆலோசனையாகச் சொல்லாதீர்கள்.