அமெரிக்க மோட்டார் ஓட்டமும் 1955ஆம் ஆண்டும்

மோட்டார் வண்டி என்றவுடன் கூரையும் கதவுகளும் சக்கரங்களை மறைக்கும் தகடுகளும் கொண்ட ஊர்தியொன்றே நேயர்களின் மனக்கண்முன் தோன்றும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நீள்வட்டக் களங்களில் ஓடும் பந்தய வண்டி அத்தகையதன்று. ஒருவர் மாத்திரமே அமரக்கூடிய ஒடுங்கிய உடல்; அதற்குப் புறத்தே மறைப்பு எதுவுமின்றி நிற்கும் நான்கு சக்கரங்கள்; 1950களில் சாரதியின் தலைக்குமேல் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பாதையோ தொடக்கமும் முடிவும் ஒன்றாகிய வளையம். புறப்பட்ட வண்டி இடப்புறமாகவே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான மைல்களை ஓடிக் கடத்தல் வேண்டும்.

மறைப்பற்ற சக்கரத்திலே ஓர் ஆபத்து உண்டு. முன்னே ஓடும் வண்டியின் பின்சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் பின்புறம் எப்பொழுதும் நிலத்திலிருந்து மேல்நோக்கியே சுழல்கின்றது. பின்னால் வருபவனுடைய முன்சக்கரம் அதனைச் சற்றே தொட்டுவிட்டாலும் போதும். அச்சுழற்சி அதனை மேலே தூக்கிவிடும். வண்டி ஏணியில் ஏறுவதுபோல் ஏறி அந்தரத்திற் பறக்கும். இதனை மனத்திற் கொண்டால் 1955ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை எளிதில் விளங்கும்.

அக்காலத்தில் இப்போட்டிகளை நடத்தியும் விதிகளை வகுத்தும் வந்தது அமெரிக்க மோட்டார்ச் சங்கம். சாதாரண வண்டிச் சொந்தக்காரரின் நலன் பேணும் பெருஞ் சங்கம் அது. அவ்வாண்டுத் தேசியப் பட்டத்திற்குப் பதினொரு போட்டிகள் கணக்கிடப்பட்டன. பெரும்பாலானவை ஒரு மைல் சுற்றளவுள்ள களங்களில் நடந்தன. அவற்றுட் பல வெறும் மண் பாதைகள். வென்றவனுக்கு மைலுக்கு இரண்டு புள்ளிகள் என்பது கணக்கு. ஆகவே நூறு மைல் ஓட்டத்தில் வென்றவன் 200 புள்ளிகளும், இந்தியானாபொலிஸ் நகரத்து ஐந்நூறு மைல் ஓட்டத்தில் வென்றவன் 1000 புள்ளிகளும் பெறுவான். இக்கணக்கு நீதியானதா என்று கேட்பவர் அன்றும் இருந்திருப்பர். ஜிம்மி பிரையன் என்பார் அவ்வாண்டு ஆறு போட்டிகளில் வென்றும் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. மே மாதத்தின் ஒரே நாள் அதனை வேறொருவர் கையிற் கொடுத்துவிட்டது.

அந்த நாள் மே 30. களத்தின் சுற்றளவு இரண்டரை மைல். ஓட வேண்டியவை 200 சுற்றுகள். எல்லோர் கண்ணும் பில் வுகோவிச் என்பவர் மீதே இருந்தது. யூகோசிலாவிய நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர், கலிபோர்னியாவிலே வறுமையில் வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். 1952இல் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையிலே, இறுதிக்குப் பத்துக்கும் குறைந்த சுற்றுகள் எஞ்சியிருந்தபோது, அவருடைய வண்டியின் திசைதிருப்பி முறிந்தது. மனிதர் மனம் முறியவில்லை. 1953இல் கொளுத்தும் வெயிலில், 200 சுற்றுகளில் 195இல் தாமே முன்னின்று வென்றார். 1954இலும் வென்றார். ஐந்நூறு மைல் ஓட்டத்தை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் அதற்கு முன்னர் எவருமில்லை. 1955இலும் அவர் முன்னணியிலேயே ஓடினார்.

ஐம்பத்தேழாவது சுற்று. அவருக்கு முன்னே, ஒரு சுற்றுப் பின்தங்கிய வண்டிகள் சில ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுள் ரொட்ஜர் வார்ட் என்பவருடைய வண்டியின் அச்சு முறிந்தது, வண்டி புரண்டது. அதனைத் தவிர்க்க அல் கெல்லர் விலகியோடி, ஜோனி போயிட் என்பவரின் வண்டியில் மோதினார். மோதுண்ட போயிட்டின் வண்டி வுகோவிச்சின் பாதையிலே தள்ளப்பட்டது. சக்கரத்தின்மீது சக்கரம் ஏறியது. வுகோவிச்சின் வண்டி வெளிச்சுவரைத் தாண்டிப் பறந்து, புரண்டு வீழ்ந்து தீப்பற்றியது. அவர் உயிர் நீங்கிற்று, வயது 36. அவர் செய்த தவறு ஒன்றுமில்லை என்பதே இதிற் கொடுமை.

எட் எலிசியன் என்னும் சாரதி தம் வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டு, பாய்ந்து வரும் வண்டிகளுக்கிடையே நண்பரை மீட்க ஓடினார். போட்டியில் தமக்கிருந்த வாய்ப்பை அவர் எண்ணவில்லை. அன்றைய நாளில் நினைவிற் கொள்ளத்தக்க செயல் இது ஒன்றே எனலாம்.

ஓட்டம் நிறுத்தப்படவில்லை. பொப் சுவைக்கேட் மணிக்கு 128.209 மைல் சராசரி வேகத்தில் ஓடி வென்றார். ஆண்டிறுதியிலே 2290 புள்ளிகளுடன் தேசியப் பட்டமும் அவருக்கே. ஆறு வெற்றி பெற்ற பிரையனுக்கு 1480.

ஆயினும் அவ்வாண்டை வெற்றிகளைக் கொண்டு அளக்க முடியாது. அதே மே மாதத்தில் இந்தியானாபொலிசில் பயிற்சியின்போது மானி அயுலோ விபத்துக்குள்ளாகி மாண்டார். ஐந்நூறு மைல் ஓட்டத்தில் முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமை பெற்ற ஜெரி ஹோயிட், 26 வயது இளைஞர், ஜூலை மாதத்தில் வேறொரு களத்திலே இறந்தார். இடையில் ஜூன் 11ஆம் நாள் பிரான்சு தேசத்து லெ மான்ஸ் களத்தில் ஒரு வண்டி பார்வையாளர் கூட்டத்துள் வீழ்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது வேறு வகை ஓட்டம், வேறு கண்டம். எனினும் அமெரிக்கப் பொதுமக்களின் மனத்தில் இவையனைத்தும் ஒன்றாயின. ஒரிகன் மாநிலத்துச் செனற்றர் ரிச்சர்ட் நியூபெர்கர், மோட்டார் ஓட்டங்களைத் தடைசெய்ய வேண்டுமென வெளிப்படையாகவே கோரினார்.

ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அமெரிக்க மோட்டார்ச் சங்கம் தன் முடிவை அறிவித்தது: ஆண்டு முடிவுடன் ஓட்டங்களிலிருந்து முற்றாக விலகுதல். வீதிப் பாதுகாப்பைப் போதிக்கும் சங்கம் வேகப் போட்டிக்குத் தலைமை தாங்குவது பொருந்தாது என்பது அதன் வாதம். வாதத்தில் நேர்மை உண்டு. ஆனால் சங்கம் விலகியதால் ஓட்டம் நின்றுவிடவில்லை; களத்திலிருந்த சாரதிக்கு அதனால் ஒரு கவசமும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இந்தியானாபொலிஸ் களத்தின் சொந்தக்காரரான டொனி ஹல்மன் முன்னின்று புதிய மோட்டார்க் கழகமொன்றை அமைத்தார். 1956 முதல் அதுவே ஓட்டங்களை நடத்திற்று.

பழைய சங்கத்தின் கீழ் நடந்த இறுதிப் பட்டப்போட்டி நவம்பர் 6ஆம் நாள் பீனிக்ஸ் நகரில். வென்றவர் பிரையன். ஆனால் அதிலும் ஜெக் மக்கிராத் என்னும் சிறந்த சாரதி உயிர் இழந்தார். அயுலோவின் உற்ற நண்பர் அவர்; இந்தியானாபொலிசில் தொடக்கச் சுற்றுகளிலே வுகோவிச்சுடன் சமனாகப் போட்டியிட்டவரும் அவரே. பட்டம் பெற்ற சுவைக்கேட்டும் 1956 ஜூன் மாதத்தில் சேலம் என்னும் இந்தியானா மாநிலத்து ஊரிலே ஓட்டத்தில் மாண்டார்.

வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு கட்டாயமாக்கப்பட்டது 1959இல்தான். அதற்கும் முந்திய ஆண்டில் இன்னுமொரு சாரதியின் உயிர் விலையாயிற்று. அந்த 1959இல் ஐந்நூறு மைல் ஓட்டத்தை வென்றவர், அச்சு முறிந்து புரண்ட வண்டியிலிருந்து உயிர் தப்பிய அதே ரொட்ஜர் வார்ட். 1962இலும் அவர் வென்றார்.

வுகோவிச்சின் மகனும் சாரதியானார்; தந்தையின் பெயரே அவர் பெயரும். தந்தை மாண்ட அதே களத்தில் 1973இல் இரண்டாமிடம் பெற்றார். பேரனும் 1988இல் அங்கே ஓடினார். அவர் 1990இல் கலிபோர்னியாவில் பயிற்சி ஓட்டமொன்றில் இறந்தார்.