தெரிந்த மொழிதானே என்று இருந்துவிடாதீர்கள்!

குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்களுக்கு முதல் கவலை பாஷைதான். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அந்தக் கவலையே வருவதில்லை. அங்கேயும் தமிழ்தானே! 2019-ல் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விடப்பட்ட பிறகு, போய்வரும் ஆசை நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. புறப்படுமுன் இதைக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள்.

தெரியாத சொல்லால் தொல்லை இல்லை, கேட்டால் விளக்கிவிடுவார்கள். தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். "உங்களைப் பேசணும்" என்று ஒரு பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். அங்கே பேசுவது என்றால் ஏசுவது. நாம் பேசுவதை அவர்கள் 'கதைப்பது' என்பார்கள். சாப்பாட்டுக் கடையில் "மச்சமோ, மரக்கறியோ?" என்று கேட்டால் விழிக்காதீர்கள். மச்சம் என்பது மீனும் இறைச்சியும். மரக்கறி என்பது காய்கறி. மச்சம் வேண்டுமென்றால் ஹலாலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சொல் அங்கே தெரிந்ததுதான். 'பாண்' என்பது வெற்றிலை அல்ல, பிரெட். "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றால் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். "கெதியா வாங்கோ" என்று படகுக்காரர் கூப்பிட்டால் மட்டும் யோசிக்காமல் ஓடுங்கள்!

பிள்ளைகள் இதை விளையாட்டாகப் பிடித்துக்கொள்வார்கள். இதுவுக்கும் அதுவுக்கும் நடுவே அங்கே 'உது' இருக்கிறது. நம் ஊரில் இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிட்ட சொல், அங்கே கடைத்தெருவில் நடமாடுகிறது.

சோனகத் தெருப் பக்கம் போனால், சகோதரிகளே, ஒரு சிறுமி உங்களைத் 'தாத்தா' என்று அழைக்கக்கூடும். கோபம் வேண்டாம். இலங்கை முஸ்லிம்களிடம் தாத்தா என்றால் அக்கா. அதே சொல் சிங்களத்தில் அப்பா!

சிங்களமும் இரண்டொரு சொல் வேண்டியிருக்கும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில், நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களோடு நாகவிகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீருக்கு 'வத்துர', என்ன விலை என்பதற்கு 'கீயத', நன்றிக்கு 'ஸ்தூதி'. கூட்டத்தில் பிள்ளை கைதவறிவிட்டால் இவை போதா. தங்கும் விடுதியின் பெயரையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் விடுதிக்காரரிடமே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாங்கி, பிள்ளையின் பையில் வைத்துவிடுங்கள்.

ஒரு சொல்லை மட்டும் ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள். நம்மவர்கள் சந்தித்தால் "நீங்கள் எந்த இயக்கம்?" என்று கேட்பது வழக்கம். அங்கே 'இயக்கம்' என்றால் ஆயுதம் ஏந்தியவர்கள். 1990 அக்டோபர் 30-ல் இரண்டு மணி நேரம் அவகாசம் தந்து யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். விரட்டியவர்கள் பேசியதும் தமிழ், விரட்டப்பட்டவர்கள் அழுததும் தமிழ். பலர் புத்தளத்தில் அகதிகளானார்கள். போர் முடிந்தும் ஒரு பகுதியினரே திரும்பினர். சரியாக 5 ஆண்டு கழித்து, 1995-ல் அதே அக்டோபர் 30-ல், அந்த ஊர்த் தமிழர்களும் மூட்டை முடிச்சோடு வெளியேற நேர்ந்தது.

ஆகவே இரு வீட்டாரிடமும் பழையதை நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகக் கதைக்கத் தொடங்கினால், கையிலிருக்கும் தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருங்கள்.