சனாதிபதித் தேர்தலும் விருப்பு வாக்கும்: தொடர்பாடல் நோக்கிலான ஒரு குறிப்பு

தேர்தற் பிரசாரம் என்பது வாக்காளரிடம் ஏலவே உள்ள விருப்பினைத் தட்டியெழுப்பும் முயற்சி மாத்திரமன்று. எவற்றை விரும்பலாம், எவற்றைப் பற்றிப் பேசலாம் என்னும் எல்லையினை வகுப்பதும் அதன் பணியாகும். எனவே, பிரசாரத்தில் ஓங்கி ஒலிப்பவற்றை மட்டுமன்றி, அதன் மௌனங்களையும் ஆராய்தல் அவசியமாகின்றது. இவ்வகையில் இலங்கையின் சனாதிபதித் தேர்தல்கள் சிறந்த சான்றாக அமைகின்றன.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சனாதிபதித் தெரிவின்பொருட்டு முழு நாட்டையும் ஒரே தொகுதியாக்கிற்று. பாராளுமன்றத் தேர்தலில் வாக்காளர் வேட்பாளரை நேரிற் காண்பர். வீதி, பாடசாலை, குளம் முதலிய தம் தேவைகளை அவரிடம் கேட்பர். சனாதிபதித் தேர்தலில் இவ்வுறவு அற்றுப்போகின்றது. அவ்விடத்தை நிரப்புவன வெகுசனத் தொடர்புச் சாதனங்களே. முதலாவது சனாதிபதித் தேர்தல் நடைபெற்ற 1982ஆம் ஆண்டிலேயே ரூபவாஹினியும் ஒளிபரப்பினைத் தொடங்கியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. கட்சியும் கொள்கையும் பின்தள்ளப்பட்டு, தனிமனிதர் முன்னிலை பெறுவதற்கு இச்சூழல் வாய்ப்பளித்தது. அதேவேளை, 1980இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டமையால் அவர் அத்தேர்தலிற் போட்டியிட இயலவில்லை. பிரசாரம் தொடங்குமுன்னரே விருப்பின் எல்லை சுருக்கப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

பிற்காலத்தில் விஞ்ஞாபனத்தின் பெயரே தனிமனிதரைச் சுட்டுவதாயிற்று. 2005இல் வெளிவந்த 'மகிந்த சிந்தனை' இதற்கு நல்ல உதாரணம். சின்னங்களும் பொருள்செறிந்த குறியீடுகளாகின்றன. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மக்கள் எரிவாயுவுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர்; 2024இல் ரணில் விக்கிரமசிங்க எரிவாயு உருளையையே தமது சின்னமாகக் கொண்டார். வரிசை நீங்கியமையை அச்சின்னம் நினைவூட்டிற்று. வரிசைகளைத் தோற்றுவித்த பொருளாதார அமைப்பினைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

எனினும் வாக்காளர் வெறும் கேட்போர் அல்லர். தமது வாழ்வனுபவத்தினூடாகவே அவர்கள் பிரசாரத்தினை உள்வாங்குகின்றனர். 1982இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலிடம் பெற்றார் என்பது பலரும் அறிந்ததே. ஆயின், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ அங்கு மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று இரண்டாமிடத்தில் நின்றமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட குடாநாட்டு விவசாயி பயனடைந்தான். 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அவனது சந்தையைச் சிதைத்தது. அக்கட்சியின் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் கல்வித் தரப்படுத்தலும் தமிழரிடையே ஏற்படுத்திய கசப்பினையும் மீறி இவ்வாக்குகள் விழுந்தன. இன உணர்வொன்றே தமிழ் வாக்காளரை இயக்குகின்றது என்னும் கூற்றும், இன ஒடுக்குமுறையைப் புறக்கணித்து வர்க்கத்தை மட்டும் காணும் கூற்றும் இவ்வுண்மையின் முன் ஒருங்கே பலவீனமடைகின்றன.

இனி, விருப்பு வாக்கினை நோக்குவோம். மூவருக்கு மேற்பட்டோர் போட்டியிடும்பொழுது வாக்காளர் 1, 2, 3 என மூன்று விருப்புகளைக் குறிக்கலாம். எவரும் செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேற் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். அவர்தம் வாக்குச்சீட்டுகளில் அவ்விருவருக்கும் உள்ள விருப்புகள் கணக்கிடப்படும். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் முதற் கணக்கெடுப்பிலேயே முடிவு கிடைத்தமையால் இவ்வேற்பாடு செயற்படவில்லை. 2024 செப்டெம்பர் 21இல் நடந்த தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றமையால், முதன்முறையாக இரண்டாங் கணக்கெடுப்பு இடம்பெற்றது. நீக்கப்பட்டோருக்கு விழுந்தவை ஏறத்தாழ 33 இலட்சம் வாக்குகள். அவற்றிலிருந்து முதலிருவருக்கும் சேர்ந்தவையோ ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரமே. அதாவது, நூற்றுக்கு எட்டளவில். எஞ்சியவற்றுட் சிலவற்றில் விருப்புகள் நீக்கப்பட்ட வேறு வேட்பாளருக்கே குறிக்கப்பட்டிருக்கலாம். அதனைக் கருத்திற் கொள்ளினும் இத்தொகை மிகச் சிறியதே.

இதற்கு வாக்காளரின் அறியாமையைக் காரணங் கூறுதல் எளிது. ஆனால் அது முழுமையான விளக்கமாகாது. நாற்பதாண்டுகளாக மேடைகள் பெரும்பாலும் தத்தம் சின்னத்துக்கு நேரே புள்ளடியிடுமாறே வேண்டின. இரண்டாம் விருப்பினைக் கேட்பது முதல் விருப்பில் நம்பிக்கையின்மையாகக் கொள்ளப்படும் என்ற அச்சம் கட்சிகளுக்கு இருந்திருத்தல் கூடும். 'இவரே மீட்பர்' எனப் பேசும் பிரசாரத்தில் 'அவர் இல்லையேல் இவர்' என்னும் நிதானமான தெரிவுக்கு இடமில்லை. தனிமனித வழிபாடு சட்டத்தின் ஏற்பாட்டினையும் செயலிழக்கச் செய்கின்றது.

இவ்விடயம் சிறுபான்மையினருக்கும் உழைக்கும் மக்களின் சிறு கட்சிகளுக்கும் தனி முக்கியத்துவமுடையது. 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அத்தகைய வாக்கு கோரிக்கையொன்றைப் பதிவு செய்வதுடன் நின்றுவிட வேண்டியதில்லை. முதல் விருப்பாற் கொள்கையையும், அடுத்த விருப்பால் ஆட்சித் தெரிவையும் ஒரே சீட்டில் உரைக்கலாம். அதனைத் தெருமுனையிலும் தோட்டத்து லயத்திலும் வாசிகசாலையிலும் விளக்கும் பணி இன்னும் செய்யப்படவில்லை. வாக்குச்சீட்டு எனும் பிரதியை முழுமையாக எழுதக் கற்றுக்கொடுப்பதும் மக்கள் கல்வியின் ஒரு கூறேயாகும்.