ஆடப்படாத இறுதி ஆட்டம்: 2016 கோபா சுடமெரிக்கானா கோப்பை சாபெகோயன்சேவுக்கு வழங்கப்பட்டது ஏன்?

களத்தில் வெல்லும் அணிக்கே கோப்பை என்பது விளையாட்டின் பொது விதி. 2016-ஆம் ஆண்டின் கோபா சுடமெரிக்கானா கால்பந்துத் தொடரில் மட்டும், இறுதி ஆட்டம் நடைபெறாமலேயே பிரேசிலின் சாபெகோயன்சே கழகம் சாம்பியனாக அறிவிக்கப்பட்டது. அதனைக் கோரியது, எதிர்த்து ஆடவிருந்த கொலம்பியாவின் அட்லெட்டிகோ நசியோனல் கழகம்.

தென் அமெரிக்கக் கழகப் போட்டிகளில் கோபா லிபர்ட்டடோரஸுக்கு அடுத்த நிலையில் உள்ள தொடர் இது. அப்போது இறுதி ஆட்டமும் இரு கட்டங்களாக, இரு அணிகளின் நாடுகளிலும் நடைபெறும்.

சிறு கழகத்தின் எழுச்சி

தெற்குப் பிரேசிலின் சாபெகோ நகரில் 1973-இல் தொடங்கப்பட்ட சாபெகோயன்சே, 2009-இல் நாட்டின் நான்காம் பிரிவில் ஆடியது. 2014-இல் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 2016 தொடரில் அர்ஜென்டினாவின் இன்டிபென்டியன்டேவைப் பெனால்டி முறையிலும், கொலம்பியாவின் ஜூனியர் அணியைக் காலிறுதியிலும் வீழ்த்தியது.

அரையிறுதியில் அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவுடன் முதல் ஆட்டம் 1-1 எனவும், சாபெகோவில் இரண்டாம் ஆட்டம் 0-0 எனவும் சமநிலையில் முடிந்தன. எதிரணி மைதானத்தில் கோல் அடித்திருந்ததால் சாபெகோயன்சே இறுதிக்குத் தகுதி பெற்றது. இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கோல்கீப்பர் டனிலோ காலால் தடுத்த பந்தே அதனை உறுதி செய்தது.

விபத்து

நவம்பர் 30 அன்று மெடலின் நகரில் முதல் கட்ட இறுதி ஆட்டம் நடைபெறவிருந்தது. பொலிவியாவின் சாண்டா குரூஸிலிருந்து அணியை ஏற்றிச் சென்ற தனி விமானம், நவம்பர் 28 இரவு மெடலின் அருகே மலைப்பகுதியில் மோதியது. விமானத்தில் இருந்த 77 பேரில் 71 பேர் உயிரிழந்தனர். டனிலோ, பயிற்சியாளர் காயோ ஜூனியர் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். உயிர் பிழைத்த 6 பேரில் மூவர் வீரர்கள். எரிபொருள் தீர்ந்ததே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

அட்லெட்டிகோ விட்டுக்கொடுத்தது

அவ்வாண்டின் லிபர்ட்டடோரஸ் கோப்பையை அட்லெட்டிகோ ஏற்கெனவே வென்றிருந்தது. இதனையும் வென்றிருந்தால், ஒரே ஆண்டில் இரு கோப்பைகளையும் கைப்பற்றிய முதல் கழகம் என்ற பெருமை அதற்குக் கிட்டியிருக்கும். ஆயினும், பட்டத்தைச் சாபெகோயன்சேவுக்கே வழங்குமாறு அது தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் கேட்டுக்கொண்டது. ஆட்டம் நடைபெறவிருந்த இரவில் மெடலின் மைதானத்தில் திரளான ரசிகர்கள் வெள்ளை உடையணிந்து, மெழுகுவர்த்தி ஏந்தி அஞ்சலி செலுத்தினர்.

டிசம்பர் 5 அன்று கூட்டமைப்பு கோரிக்கையை ஏற்றது. சாம்பியனுக்குரிய 20 லட்சம் டாலர் பரிசும், 2017 லிபர்ட்டடோரஸ் தொடரில் இடமும் சாபெகோயன்சேவுக்குக் கிடைத்தன. அட்லெட்டிகோவுக்கு நேர்மையான ஆட்டத்துக்கான சிறப்பு விருதும் 10 லட்சம் டாலரும் வழங்கப்பட்டன.

லிபர்ட்டடோரஸ், சுடமெரிக்கானா சாம்பியன்கள் மோதும் ரெகோபா போட்டியில் இவ்விரு அணிகளும் 2017-இல் சந்தித்தன. புதிய வீரர்களுடன் களமிறங்கிய சாபெகோயன்சே, ஏப்ரலில் சொந்த மண்ணில் 2-1 என வென்றது. மே மாதம் மெடலினில் 4-1 என வென்ற அட்லெட்டிகோ, மொத்தம் 5-3 என்ற கோல் கணக்கில் அக்கோப்பையைக் கைப்பற்றியது.