இது யார், நானா?

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போனால் புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, தபசுக் காட்சி கண்டு, கையில் காசு மிஞ்சினால் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு திரும்புவது எங்கள் குடும்பத்து வழக்கம். அப்படித்தான் எங்கள் ஆச்சி, கல்யாணமான புதிதில், ஒரு ஸ்டூடியோவில் போய் நின்றாள். பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டு. பக்கத்தில் முக்காலியில் காகிதப் பூ. மாளிகையையும் அறியாள், காகிதப் பூவையும் அறியாள். தாத்தா நிற்கச் சொன்னார், நின்றாள்.

படம் கைக்கு வந்ததும் ஆச்சி கேட்ட கேள்வி குடும்பத்தில் பிரசித்தம்.

"இது யாரு அண்ணாச்சி? எவளோ ஒருத்தி மாதிரில்லா இருக்கா!"

"நீங்கதாம்மா" என்றாராம் ஸ்டூடியோக்காரர்.

"நான் எப்போ இப்படி முறைச்சேன்?"

படம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. ஆனால் வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அதை வெளியே எடுத்துப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். எண்பது வயதில் ஒருநாள் என்னிடமே சொன்னாள்: "இவளுக்கு அப்போ யாரு மேலயோ கோவம் இருந்திருக்கு ஏ. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

ஆச்சிக்கு இருந்தது ஒரே ஒரு படம். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே மீண்டும் மீண்டும் காமிராவின் முன் நின்றவர்களும் நம் நாட்டில் உண்டு.

பெங்களூரில் 1956-ல் பிறந்த புஷ்பமாலா சிற்பக் கலை படித்தவர். பரோடாவில் பயின்று, களிமண்ணில் உருவங்கள் செய்துகொண்டிருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மண் எதற்கு? நம் உடம்பே இருக்கிறதே! வேஷம் கட்டிக்கொண்டு காமிராவின் முன் நின்றுவிட்டார். பிறகு, தென்னிந்தியாவிலேயே வாழ்ந்துவரும் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, 2000-லிருந்து 2004 வரை ஒரு பெரிய வரிசையே தயாரித்தார். தென்னிந்தியப் பெண்கள் என்று உலகம் எந்தெந்தப் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறதோ, அவற்றில் பத்தைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் தாமே போய் அமர்ந்துகொண்டார். ரவிவர்மாவின் நிலவொளி மங்கை அவர்தான். தாமரையில் நிற்கும் லட்சுமி அவர்தான். வேளாங்கண்ணி மாதாவும் அவரே. எழுபதுகளின் தமிழ்ப் படமொன்றில் சவுக்கைச் சொடுக்கிய கதாநாயகியும் அவர்தான்! திரைச்சீலையும் நகையும் விளக்கு வெளிச்சமும் மூலப் படத்தில் உள்ளபடியே அமைய வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறார்கள்.

'இது மாறுவேஷப் போட்டிதானே?' என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. ஓர் உடம்பில் அரியையும் அரனையும் கண்ட சங்கரன்கோவில்காரர்களுக்கு, ஒருத்தியிடம் பத்துப் பேரைக் காண்பதில் என்ன அதிசயம்?

சிரிப்பை நிறுத்தும் படங்களும் அந்த வரிசையில் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்கள், நம் நாட்டு மக்களைச் சதுரக் கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கட்டங்களை எண்ணினால் உயரமும் அகலமும் தெரிந்துவிடும். ஆட்டுச் சந்தையில் உருப்படி பார்ப்பது போலத்தான். அந்தத் திரையின் முன்னும் புஷ்பமாலா போய் நின்றார். லட்சுமியாக நிற்கையில் நம்மைப் பார்க்கிற அதே முகம், இங்கே அளக்கப்படுகிறது. போலீஸார் பிடித்து நிறுத்திய பெண்களைப் பற்றிய பத்திரிகைப் படத்தையும் அவர் விடவில்லை. நிற்க வைப்பவர் மாறினால் நிற்பவளும் மாறிவிடுகிறாளா? எங்கள் ஆச்சியைத் தாத்தாவும் ஸ்டூடியோக்காரரும் சேர்ந்துதானே நிற்க வைத்தார்கள்!

யாரும் நிற்க வைக்காமல், தம்மைத் தாமே நிற்க வைத்துக்கொண்டவர் ஒருவர் வெகு காலத்துக்கு முன்பே இருந்தார். ஓவியர் அம்ருதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங். பஞ்சாபில் 1870-ல் பிறந்த சீமான். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். யோகத்திலும் வான சாஸ்திரத்திலும் பைத்தியம். மனைவி ஹங்கேரி நாட்டு மாது. இந்த மனிதர் இளமையிலிருந்து முதுமை வரை தம்மைத் தாமே படம் எடுத்தார். தலைப்பாகையுடன், மேனாட்டு உடையில், கோவணத்தோடு யோகாசனத்தில், கண்ணாடிக்கு எதிரே! பாரீஸில் 1930-ல் 15 நாள் உபவாசம் இருந்துவிட்டு, மெலிந்த வெற்றுடம்பையும் படம் பிடித்து வைத்தார். பசித்த உடம்பில் எஞ்சி நிற்பது யார் என்று பார்க்க விரும்பினார் போலும். ஊர் மெச்ச வேண்டும் என்று எடுத்த படங்கள் அல்ல அவை. வீட்டு ஆல்பத்தோடு கிடந்தவை.

மகளையும் ஓயாமல் எடுத்தார். அம்ருதா கண்ணாடி முன்னும் காமிரா முன்னும் வளர்ந்தவள் என்றே சொல்லலாம். தம்மையே ஓவியமாகத் திரும்பத் திரும்பத் தீட்டிக்கொண்ட பழக்கம் தகப்பனாரிடமிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. கன்னியாகுமரி வரை வந்து நம் தென்னாட்டு மனிதர்களைப் பார்த்துவிட்டு, 1937-ல் அவர் தீட்டிய மூன்று சித்திரங்கள் பெயர் பெற்றவை. 1941 டிசம்பரில் லாகூரில் திடீரென்று மறைந்தார். வயது 28. ஏழு ஆண்டுகளுக்குள் தாயாரும் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உம்ராவ் சிங் 1954 வரை இருந்தார்.

அவருடைய இன்னொரு மகள் இந்திராவின் பிள்ளை விவான் சுந்தரம். அம்ருதா மறைந்து ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர். சித்தியோ பெரியம்மாவோ என்று உறவு சொல்லிக் கூப்பிட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. (அம்ருதாதான் மூத்தவர், பெரியம்மா என்றே கூப்பிட்டிருப்பார்.) பாட்டனாரின் பழைய படங்களை எடுத்துக் கணிப்பொறியில் வைத்து, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வயதில் பதிவானவர்களை 2001-லும் 2002-லும் ஒரே படத்துக்குள் கூட்டி வைத்தார். எந்த அறையிலும் அப்படி ஒருநாள் நடந்ததில்லை. ஆனாலும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில், தந்தையும் மகளும் அருகருகே இருக்கிறார்கள்.