ரோட்டோபாலா: நெய்வேலிச் சக்கரத்தின் ஸ்பானியப் பெயர்

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் முனையில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். அதன் விளிம்பு முழுக்கப் பல் வைத்த வாளிகள். கீழே மண்ணைக் கடித்தெடுக்கும் வாளி, மேலே வந்ததும் அதைக் கொட்டிவிடும். கன்வேயர் பெல்ட் அள்ளிக்கொண்டு போகும். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்குச் சுமார் ஐந்தரை கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். 1957-இல் வெட்டத் தொடங்கி, கரி கண்ணில் பட 1961 ஆயிற்று.

ஆங்கிலத்தில் இது 'பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்'. ஸ்பெயினில் 'ரோட்டோபாலா'. கலீசியப் பகுதியின் அஸ் போந்தெஸ் நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரியும் அனல்மின் நிலையமும் சேர்ந்த ஊராக இருந்தது. அங்கே 2007 வரை இந்த இயந்திரங்கள் வெட்டின. 'பாலா' என்றால் மண்வாரி. ஆங்கிலேயர் கண்ணில் பட்டது பாத்திரம், ஸ்பானியர் கண்ணில் பட்டது வாரும் வேலை.

அந்த வாளிக்குத் தனிப்பெயர் உண்டு: 'கான்ஹிலோன்'. அகராதி 'பக்கெட்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் வீட்டில் தண்ணீர் பிடிக்கும் வாளி அவர்களுக்கு 'கூபோ'. கான்ஹிலோன் என்பது நீரிறைக்கும் சக்கரத்தில் கட்டிய கலயம். அந்தச் சக்கரம் 'நோரியா'. திருவிழாவில் ஏறிச் சுற்றுவதும் நோரியாதான். கிணற்று உருளையையும் ராட்டினம் என்கிற நமக்கு இதில் வியப்பில்லை.

சுரங்கத்தில் ஆளை இடறிவிடும் சொல் 'எஸ்தெரில்'. ஆங்கில 'ஸ்டெரைல்' நினைவுக்கு வந்தால் கிருமி நீக்கிய மண் என்று மொழிபெயர்த்து வைப்போம். உண்மையில் அது கரிக்கு மேலே கிடக்கும், வெட்டி ஒதுக்குகிற மண், நெய்வேலியில் 'ஓவர்பர்டன்'. பலன் தராதது என்ற பொருளில் வந்த பெயர். கொஞ்சம் அநியாயமான பெயரும்கூட. நெய்வேலியில் அந்த மண்மேடுகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள்.

'கார்போன்' என்ற சொல்லுக்கு அகராதி முதலில் தருவது நிலக்கரி. ஆனால் 'பொய்யோ அல் கார்போன்' என்ற கோழி வெந்தது அடுப்புக்கரியில். வேதியியல் கார்பனோ 'கார்போனோ'. கடைசி ஓர் எழுத்தில் பொருள் மாறிவிடுகிறது. நிலக்கரி, அடுப்புக்கரி இரண்டையும் தாங்கும் நம் 'கரி' இங்கே ஆங்கிலத்தைவிட நெருக்கம். ஸ்பானியம் படிக்கும் நெய்வேலிப் பிள்ளைகள் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தோடு தமிழையும் எழுதிப் பார்க்கட்டும்.