வேஷமா, வம்சமா? மலைப்பாதையில் புதிய ‘பழைய’ பைக்குகள்

கல்லாறில் ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து ஊட்டி வரை, வார இறுதிகளில் மலையேறும் பைக்குகளில் ஒரு தனி ரகம் உண்டு. வட்ட ஹெட்லைட், உருண்டு திரண்ட டேங்க், தட்டையான நீள சீட், மினுங்கும் குரோம் என்று 1950-களின் இங்கிலாந்திலிருந்து நேரே இறங்கி வந்ததுபோல இருக்கும் வண்டிகள் அவை. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350, இன்டர்செப்டர் 650, 2023 ஜூலையில் வந்த டிரையம்ஃப் ஸ்பீடு 400, 2024 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் அறிமுகமான பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் எல்லாம் இந்த ரகம்தான். பைக் பிரியர்கள் இவற்றை முன்வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பழைய அழகு நம்பகமான இன்ஜினோடு திரும்பி வந்துவிட்டதாக ஒரு கட்சி கொண்டாடுகிறது. பழைய பெயரை விலைக்கு வாங்கிப் புது வண்டிக்கு வேஷம் கட்டிவிட்டார்கள் என்று மறு கட்சி கோபப்படுகிறது. இரு கட்சியும் தோற்றத்தை வைத்தே வழக்காடுகின்றன. ஒரு மோட்டார் சைக்கிளின் தகுதியை அது ஏறி இறங்கும் சாலையும், அதைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்கின் கையும்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கு நீலகிரியைவிடக் கறாரான சோதனைக்களம் தமிழ்நாட்டில் இல்லை.

முதலில் கோபக்காரர்களின் வாதத்தை முழுதாகக் கேட்போம். ஸ்பீடு 400, கோல்ட் ஸ்டார் இரண்டிலும் இருப்பவை ரேடியேட்டர் வைத்த வாட்டர் கூல்டு இன்ஜின்கள். ஆனாலும் காற்றில் குளிரும் பழைய இன்ஜின்போலத் தெரிய, சிலிண்டரைச் சுற்றி ஃபின்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. டிரையம்ஃப் போனவில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியபோது அதன் த்ராட்டில் பாடியைக் கார்புரேட்டர் போலவே தோன்றும்படி செய்தார்கள். 1937-ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்ததற்காக பி.எஸ்.ஏ. வீரர் பெற்ற தங்க நட்சத்திரத்திலிருந்து பிறந்த பெயர் கோல்ட் ஸ்டார். இன்றைய கோல்ட் ஸ்டாரின் 652 சி.சி. இன்ஜினுக்கோ வேர், ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். பி.எஸ்.ஏ. என்ற பெயரை 2016-ல் வாங்கியது மஹிந்திரா பின்னணி கொண்ட கிளாசிக் லெஜண்ட்ஸ். நார்ட்டனை 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது நம் டி.வி.எஸ். ஸ்பீடு 400 உருவாவது புனே அருகே சாகனில், பஜாஜ் ஆலையில். இவ்வளவும் உண்மை. ஆனால், இதிலிருந்து ‘எல்லாமே போலி’ என்ற முடிவுக்குப் போவது அவசரம்.

இன்ஜினுக்குள் இருக்கும் வம்சாவளி

ஃபின்களை விட்டுவிட்டு சிலிண்டருக்குள் பார்த்தால் கதை மாறுகிறது. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ. விட்டத்தைவிட ஸ்ட்ரோக் நீளம். கனமான ஃப்ளைவீலோடு சேர்ந்து, குறைந்த வேகத்திலும் திணறாமல் இழுக்கும் குணத்தையும், ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கேட்கும் அந்தச் சத்தத்தையும் கொடுத்தது இந்த அமைப்புதான். 2021-ல் முற்றிலும் புதிய இன்ஜினோடு வந்த கிளாசிக் 350-ல் அந்த அளவுகள் 72 மி.மீ., 85.8 மி.மீ. ஒரு திருகுகூடப் பழைய இன்ஜினுக்குப் பொருந்தாது என்றாலும் சுபாவம் அதே சுபாவம். ஸ்பீடு 400-ல் கணக்கு தலைகீழ்: விட்டம் 89, ஸ்ட்ரோக் 64. சுழற்சி கூடக் கூட விழித்தெழும் நவீன இன்ஜின் அது. புதிய கோல்ட் ஸ்டாரும் 100-க்கு 83 என்ற குட்டை ஸ்ட்ரோக் வகைதான். ஆனால் அதன் 55 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. வழி வேறானாலும் போய்ச் சேர்ந்த இடம் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டிகளின் இடமே. ஆக, எல்லா ரெட்ரோ பைக்குகளையும் ஒரே தராசில் வைத்துப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு.

ஊர்க்கணக்கிலும் இதே தெளிவு வேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டியது. 1960-களின் தொடக்கத்தில் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் நகரத் தாய் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே இல்லை. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பி.எஸ்.ஏ., டிரையம்ஃப், நார்ட்டன் மூன்றும் அறுந்து, கைமாறி, மீண்டும் ஒட்டப்பட்ட வரலாறு கொண்டவை. அறுபடாமல் ஓடிய ஒரே இழை நம் வடசென்னையில் இருந்தது. எனவே புல்லட்டையும் கிளாசிக்கையும் ‘பிரிட்டிஷ் நகல்’ என்பவர்கள், 3 தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்கள்.

மலை வைக்கும் பரீட்சை

இனி சாலைக்கு வருவோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் கிட்டத்தட்ட அதே அளவு சக்தியை இழக்கும். கிளாசிக் 350-ன் 20 குதிரைத் திறன் அங்கே 16 ஆகிவிடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. காற்று மெலிந்தாலும் பெட்ரோல் அதே அளவு பாய்வதால் கலவை கெட்டியாகி, பிளக் கறுத்து, வண்டி முக்கும். இன்ஜெக்‌ஷன் இருக்கும் புது வண்டி காற்றுக்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவில் வேகம் ஏறக்குறைய நின்று, அடுத்த நொடி செங்குத்தாக ஏற வேண்டியிருக்கும்போது, உச்ச வேகம் எதற்கும் உதவாது. அடி சுழற்சியில் கிடைக்கும் இழுவைதான் காப்பாற்றும். கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர், காகிதத்தில் ஸ்பீடு 400-ன் 37.5-க்கு முன்னால் சிறிதாகத் தெரியலாம். ஆனால் முன்னது 4,000 சுழற்சியிலும் பின்னது 6,500-லும் உச்சம் தொடுகின்றன. அதே சமயம், 195 கிலோ கிளாசிக்கைவிட எடை குறைந்த ஸ்பீடு, வளைவில் எளிதாகச் சாயும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே பெரிய பரீட்சை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வாகனங்கள் அதில் இறங்கக் கட்டுப்பாடு வந்ததற்குத் தொடர் விபத்துகளே காரணம். இத்தகைய இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். பெரிய ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இதற்கு நன்றாக ஈடுகொடுக்கும். ரசிகர்கள் ஏங்கும் பழைய யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தப் பிடிப்பு குறைவு. பழைய புல்லட்டின் டிரம் பிரேக், நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிமானம் இழக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். மழையும் பனிமூட்டமும் சாலையை நனைத்துவைத்திருக்கும் மலையில் அது உயிர் காக்கும் வசதி. பழையது மட்டுமே அசல் என்று அடம்பிடிப்பவர்கள் இந்த இடத்தில் தோற்றுப்போகிறார்கள்.

தோற்றம் பழசு, தயாரிப்பு புதுசு என்பது நீலகிரிக்குப் புதிதும் அல்ல. 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் தொட்ட மலை ரயிலுக்கு, திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த எக்ஸ் வகை வடிவம், நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் அடுப்பு, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், பல் தண்டவாளத்தைப் பற்றி ஏற அந்த அமைப்பு இன்றும் தேவைப்படுகிறது. பழைய வடிவம் இன்றும் ஒரு வேலையைச் செய்கிறதென்றால் அதன் நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை. நீள ஸ்ட்ரோக், நிமிர்ந்து உட்காரும் சீட், வண்டியை எளிதில் வளைக்க உதவும் அகல ஹேண்டில்பார் ஆகியவை அப்படி வேலை செய்பவை. வாட்டர் கூல்டு இன்ஜின்மேல் இருக்கும் ஃபின்கள் பெரும்பாலும் அலங்காரம். அதை அலங்காரம் என்றே ஒப்புக்கொண்டு கடந்துவிடலாம்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு, காலனிய ஏக்கம் பற்றியது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிய நாள்முதல் பங்களாவும் கிளப்பும் எஸ்டேட்டுமாக வெள்ளையர் உருவாக்கிய ஊரில், பிரிட்டிஷ் தோற்றத்தைக் கொண்டாடுவது யாருடைய நினைவைக் கொண்டாடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேயிலையும் வெள்ளையர் நட்டதுதான். ஆனால், அதை இன்று தாங்கி நிற்பவர்கள் படுகர் சிறு விவசாயிகளும், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும்தான். வண்டியும் அப்படியே கைமாறியது. குற்றம் விளம்பரங்களில் இருக்கிறது. பழைய லண்டன் தெருக்களையும் தோல் ஜாக்கெட்டையும் காட்டுபவர்கள், திருவொற்றியூர், ஒரகடம் ஆலைகளைப் பெருமையோடு காட்டுவதில்லை. அதைக் காட்டினாலே இந்த மறுப்பில் பாதி கரைந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு, சத்தமும் கூட்டமும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. மலை தாங்காத அளவு வண்டிகள் வருகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முதுமலை போன்ற காட்டின் ஓரத்தில் சைலன்சரை மாற்றிவிட்டு அதிரவைப்பவர்களுக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு; அதை வசூலிக்க வேண்டும். கம்பெனி பொருத்திய சைலன்சரில் வரும் மெல்லிய துடிப்பே அந்த இன்ஜினின் உண்மையான குரல்.

மூன்றாவது மறுப்பே கனமானது. அம்மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி, டீ-கம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை உதைத்த காலத்தில், வண்டி எங்கே நின்றாலும் நாலு ஸ்பேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அதை ஓடவைத்துவிடுவார். இன்றோ சென்சார் ஒன்று பழுதானால், கம்பெனியின் கண்டறியும் கருவி இல்லாமல் குறை இன்னதென்றே தெரியாது. மலைக்கிராமத்தில் வண்டி நின்றால் சர்வீஸ் சென்டருக்கு லாரியில்தான் போக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் மின்னணு தேவை என்பது சரி. ஆனால் குறைக் குறியீடுகளைப் பூட்டிவைப்பது மாசைக் குறைக்காது. அது வியாபார முடிவு. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. பழுதுபார்க்கும் கையேட்டையும் உதிரிபாகங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் திறந்துவிடுவதே அதன் நோக்கம். பழைய வண்டிகள் 50 ஆண்டு வாழ்ந்தது குரோமினால் அல்ல, இந்தத் திறந்த நிலையால்தான். ரெட்ரோ கம்பெனிகள் நகலெடுக்காமல் விட்டுவிட்ட ஒரே பழைய குணமும் இதுதான்.

ராயல் என்ஃபீல்டு மட்டுமே 2024-25 நிதியாண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றிருக்கிறது. இவ்வளவு பெரிய சந்தையில் ரசிகர்களின் குரலுக்கு எடை உண்டு. அதை ஃபின் உண்மையா பொய்யா என்ற சண்டையில் செலவழிக்க வேண்டாம். ஷோரூமில் அவர்கள் கேட்க வேண்டியவை வேறு. இந்த மாடல் நின்றுபோன பிறகு எத்தனை ஆண்டு உதிரிபாகம் தருவீர்கள்? கண்டறியும் கருவியை வெளி மெக்கானிக்குக்கு விற்பீர்களா? குன்னூரிலும் கோத்தகிரியிலும் உங்கள் வண்டியைத் திறக்கத் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பீர்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தரும் கம்பெனியின் வண்டியை, அது சாகனில் பிறந்தாலும் வடசென்னையில் பிறந்தாலும், அந்தப் பழைய வம்சத்தின் வாரிசாக ஏற்கலாம். தர மறுக்கும் கம்பெனிக்கு, டேங்கில் ஒட்டியிருக்கும் பெயர் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.